செருப்புக் கழன்றதை அறியாத கால்

என் நோயின் முதல் அறிகுறியைக் கண்டது நானல்ல, செல்வராணி.

போன வருடம் தை மாதத்து முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்த கையோடு சுகவீனரைப் பார்க்கப் புறப்பட்டேன். நீர்வேலியில் செல்வராணி வீடுதான் முதலாவது. ஒரு காலத்தில் என்னிடம் படித்தவள். பக்கவாதத்தால் இடப்பக்கம் விழுந்து, சக்கர நாற்காலியில் இருக்கிறாள். கேக் பார்சலை மேசையில் வைத்தேன். அவள் வாசலையும் என் காலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரீச்சர், மற்றச் செருப்பெங்கை?”

“வாசலிலை கழட்டினனான், பிள்ளை.”

“ஒண்டைத்தானே கழட்டினீங்கள். நிலத்தைப் பாருங்கோ.”

சீமெந்துத் தரையில் வாசலிலிருந்து மேசைவரை என் அடி சிவப்பாகப் பதிந்திருந்தது. மற்றச் செருப்பு வரும் வழியில் ஒழுங்கையில் எங்கோ கழன்றிருக்கிறது. பிறகு ஏதோ குத்தியிருக்கிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

“உடனை டொக்டரிட்டைப் போங்கோ” என்றாள். நான் காலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு இன்னும் மூன்று வீடுகளுக்குப் போனேன். அதற்குப் பிறகும் பத்து நாள் அலைந்தேன். நோகாத காயத்துக்கு எதற்கு வைத்தியர்? உண்மையைச் சொன்னால், தன்னைப் பாராமல் ஊழியம் செய்கிறவள் என்ற பெயர் எனக்கு இனித்தது. இரத்தத்தில் இருந்த இனிப்புப் போதாதென்று இது வேறு.

எங்கள் மெதடிஸ்த சபையில் ஆண்டின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. கடவுள் எங்களை வேலைக்கு எடுத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி என்று எல்லோருமாகச் சொல்லி ஒப்புக்கொடுப்போம். முப்பது வருடமாக அந்த இரண்டாவது பாதி பக்கத்து வாங்கு இருக்கையில் இருப்பவர்களுக்கு என்றே நினைத்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் ஒரு நீளமான தாளில் அவரவர் பெயரையும் அந்த வருடம் செய்யப்போகும் பணியையும் எழுதுவோம். என் பெயருக்கு நேரே நாலு வரி இருக்கும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பதினோராம் நாள் என் கணவர் மூக்கைச் சுளித்தார். “உதென்ன மணம்?” துணியை அவிழ்த்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

வைத்தியசாலையில் ஓர் இளம் வைத்தியர் மெல்லிய நைலோன் இழையொன்றை எடுத்தார். “கண்ணை மூடுங்கோ அம்மா. காலிலை படேக்கை சொல்லுங்கோ.” நான் காத்திருந்தேன். நெடுநேரம் காத்திருந்து, “தொடங்குங்கோ டொக்டர்” என்றேன்.

“முடிஞ்சுது அம்மா” என்றார்.

எனக்கு வந்திருந்தது நீரிழிவு நரம்புப் பாதிப்பு (நீண்டநாள் சீனி வருத்தத்தால் காலின் உணர்ச்சி அற்றுப்போவது). அதோடு திசு அழுகல் (இரத்தம் ஓடாமல் சதை இறந்துபோவது). விரல்களோடு நிற்குமா, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்.

“நோகேல்லையே, டொக்டர்.”

“நொந்திருந்தால் முதல் நாளே வந்திருப்பீங்கள்.”

இரண்டு விரல்களை எடுத்தார்கள். காயம் ஆறுமா என்று ஆறு வாரம் வைத்தியசாலை விடுதியில் காத்திருந்தோம். தாதி புண்ணைக் கழுவும்போதெல்லாம் நான் மன்னிப்புக் கேட்டேன். சபையார் பார்க்க வந்தால், எழும்பி அவர்களுக்கு உட்காரக் கதிரை தேடினேன். “சும்மா கிடவுமன்” என்று கணவர் அதட்டினார். படுத்திருப்பவளுக்கு ஜெபிக்க நான் எத்தனையோ வீடு போயிருக்கிறேன். படுத்துக்கொண்டு ஜெபத்தைக் கேட்பது இவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் ஒரு வேலை தந்தார்: தினமும் காலையில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். இதே வருத்தத்தோடு வாசிக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். நோகும் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். பிறகு நடமாட்டம் வந்தது. பழைய புத்தியும் வந்தது. செல்வராணி மட்டும் ஒவ்வொரு காலையும் தொலைபேசியில் கேட்பாள்: “பாத்திட்டீங்களோ, ரீச்சர்?” ஒருநாள் கொடிகாமத்தில் ஒரு சுகவீனர் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நின்றேன்.

“ஓம், பாத்திட்டன்.”

“கண்ணாடி எங்கை வைச்சிருக்கிறீங்கள்?”

என் கண் அறையெல்லாம் அதைத் தேடியது.

“நான் போனை வைக்கேல்லை. எடுத்துக்கொண்டு வாங்கோ, இருக்கிறன்.”

பள்ளிக்கூடத்தில் அவளிடம் இப்படித்தான் வீட்டுப்பாடக் கொப்பி கேட்டிருப்பேன். எடுத்து வந்து பார்த்தேன். குதிக்காலில் ஒரு கொப்புளம், உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கொடிகாமத்துக்குப் போகவில்லை, கிளினிக்குக்குப் போனேன். இன்னும் சில நாள் விட்டிருந்தால் காலே போயிருக்கும் என்றார்கள்.

என் கால் இனித் தானாக எனக்கு ஒன்றும் சொல்லாது. நான்தான் போய்ப் பார்க்க வேண்டும். முன்பு என் நாளை எத்தனை வீட்டுக்குப் போனேன் என்று அளப்பேன். இப்போது கண்ணாடி பார்த்து முடிந்த பிறகுதான் எனக்கு விடிகிறது.

இந்தத் தை மாதம் உடன்படிக்கை ஆராதனையில் முழந்தாளிட முடியவில்லை, இருந்தபடியே சொன்னேன். ஒதுக்கி வைத்தாலும் சரி என்பதை இந்த முறை எனக்கென்றே சொன்னேன். பிறகு தாள் என்னிடம் வந்தது. செல்வராணி சொல்லி அனுப்பிய வரியைப் போதகர் ஏற்கெனவே எழுதியிருந்தார். இத்தனை வருடமும் அந்தத் தாளில் அவள் பெயர், போய்ப் பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில்தான் இருந்தது.

“செல்வராணி: ரீச்சரின் கால்.”

அதற்குக் கீழே என் பெயரை எழுதி, அதற்கு நேரே ஒரே ஒரு வரி எழுதினேன்.

“செல்வராணி கேட்டால் உண்மையைச் சொல்வது.”