ஆர்கானிக்தானே, ஒன்றும் செய்யாது

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். நாள் முழுக்க நிற்க முழங்கால் இடம் கொடுக்காமல் போனதும் அதை விட்டுவிட்டு, கூடுவாஞ்சேரியில் முகத்துக்குப் பூசும் க்ரீமும் சோப்பும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். மொத்தமே ஏழு பேர். முதலாளி என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள். நாவலூரில் இருந்த ஐடி வேலையை விட்டுவிட்டு வந்து இதைத் தொடங்கியிருந்தாள். நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள்.

எனக்குக் கொடுத்தது பேப்பர் வேலை. லைசென்ஸ் ஃபைல், எந்த நாள் எந்த எண்ணெய் வந்தது என்ற பதிவு, எல்லாவற்றுக்கும் மேலாக லேபிள். நான் சேர்ந்தபோது டப்பாவின் மேல் பச்சை இலைப் படம் போட்டு ‘100% ஆர்கானிக்’ என்று இருந்தது. அதற்கு யாரும் சான்றிதழ் கொடுத்திருக்கவில்லை. மேடமே நம்பிப் போட்டது. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆசை வந்தபோதுதான் முறைப்படி சான்றிதழுக்கு எழுதிப் போட்டோம்.

ஆய்வுக்கு வந்தவர் மெலிந்த மனிதர். காபி வேண்டாம் என்றார். தரை துடைக்கும் ஃபினாயிலைக்கூட எடுத்து வரச் சொல்லி, அதன் பின்பக்கத்தைப் படித்தார். பிறகு லேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

“க்ரீம்ல பாதிக்கு மேல தண்ணிதானேம்மா?”

“ஆமா சார்.”

“தண்ணி எந்த வயல்ல விளைஞ்சுது? விளையாத பொருளுக்கு ஆர்கானிக்னு பேர் கிடையாது. அந்த நூறை முதல்ல எடுத்துடுங்க.”

மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. ஆய்வகத்தில் இருந்தவளுக்கு, சொல்லுக்கு அளவு கேட்கிறவர்களைப் பிடிக்கும். நூறை எடுத்தோம். எந்த எண்ணெய் சான்று பெற்ற தோட்டத்திலிருந்து வந்ததோ அதன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் நட்சத்திரக் குறி போட்டோம். எலுமிச்சைப் புல் எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் சிட்ரால், ஜெரானியால் போன்ற வாசனைப் பொருட்களையும் பட்டியலின் கடைசியில் தனியாகக் காட்டினோம். அந்தப் பட்டியலை டைப் செய்தவள் நான். சில பேருக்கு அவை தோலில் ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் தனியாகப் போடச் சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான்கு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. முத்திரையோடு புது லேபிள் அடித்து வந்த அன்று எல்லாருக்கும் பிரியாணி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் எங்கள் சர்ச் ஹாலில் ஒரு விற்பனை. ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஒரு அம்மா எங்கள் மேசைக்கு வந்து டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், அடிக்கடி சர்ச்சில் பார்த்த முகம். அதற்கு முன் பேசியதில்லை.

“எனக்குக் கொஞ்சம் சென்சிடிவ் ஸ்கின். ஒத்துக்குமா?”

“இது ஆர்கானிக் டீச்சர். சர்டிபிகேட் வாங்கினது. ஒண்ணும் செய்யாது” என்றேன். முத்திரையையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை, டப்பாவில் போட்டிருந்த எண்ணுக்கு அழைப்பு வந்தது. நான்தான் எடுத்தேன். குரலில் கோபமே இல்லை. “கண்ணு ரெண்டும் வீங்கிடுச்சு. கன்னமெல்லாம் எரியுது. அலோ வேரா போட்டுப் பார்த்தேன், கேக்கலை. ஆர்கானிக்னு சொன்னீங்களே, அதான் என்ன செய்யறதுன்னு கேக்கலாம்னு.”

டீச்சரிடம் விலாசம் கேட்டுக்கொண்டு, மேடத்திடம் சொல்லிவிட்டு அடுத்த ட்ரெயினைப் பிடித்துத் தாம்பரம் வந்து, ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சர்தான் கதவைத் திறந்தார். இமைகள் தடித்து, கண் பாதிதான் திறந்திருந்தது. முந்தின நாள் அந்த முகத்தோடுதான் ஆறு பீரியட் எடுத்திருக்கிறார். ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது, லீவு போட முடியவில்லை, இன்றைக்குத்தான் போட்டேன் என்றார்.

தோல் டாக்டரிடம் அழைத்துப் போக அதே ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்துவிட்டு, “இன்னாமா, தேனீ கீனீ கொட்டிச்சா?” என்றார்.

“இல்லப்பா, க்ரீம் பூசினேன்” என்றார் டீச்சர். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் பெண். மருந்து எழுதிக் கொடுத்தார். க்ரீம் டப்பாவை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு அந்தப் பொடி எழுத்துகளை வாசித்தார். “இதுல ஏதோ ஒரு வாசனைச் சாமான் ஒத்துக்கலை போல. முகம் நல்லா ஆறட்டும். அப்புறம் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்.”

“ஆர்கானிக்னாங்களே டாக்டர்?”

“ரசாயன உரம் போடாம வளர்த்த புல்லுன்னு அர்த்தம்மா. உங்க தோலுக்குப் பிடிக்கும்னு அர்த்தம் இல்ல. அதை எந்த சர்டிபிகேட்டும் சொல்லாது.”

வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் நிற்கும்போது சொல்லிவிட்டேன். சொல்லாமல் என்னால் திரும்பிப் போயிருக்க முடியாது.

“டீச்சர், அந்தப் பொடி எழுத்து லிஸ்ட்டை டைப் பண்ணினது நான்தான். சில பேருக்கு ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியும்.”

அவர் வீங்கிய கண்ணோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். “தெரிஞ்சுமா ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீங்க?”

“தெரியும். ஆனா அன்னிக்கு மேசையில நிக்கும்போது மனசுல வரவே இல்லை. அந்த முத்திரை வந்த சந்தோஷத்துல விக்கணும்னு மட்டும்தான் இருந்துச்சு.”

மருந்துச் சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டினார். பிறகு, “எங்க பசங்களும் இதைத்தான் சொல்லுவாங்க. படிச்சேன் மிஸ், ஹால்ல உக்காந்ததும் ஞாபகம் வரலைன்னு” என்றார். “அவங்களுக்கு மார்க் போடறதில்லை.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மேடத்திடம் எல்லாம் சொன்னேன். மருத்துவச் செலவை உடனே ஏற்றுக்கொண்டாள், அதில் குறை சொல்ல முடியாது. லேபிளை மாற்றவேண்டும் என்றதும்தான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“சட்டப்படி நம்ம மேல தப்பே இல்லக்கா. லிஸ்ட்ல எல்லாம் இருக்கு.”

“இருக்கு மேடம். இங்கிலீஷ்ல, எறும்பு சைஸ்ல. நானே படிக்கக் கண்ணாடி போடணும்.”

“ஒரு எழுத்து மாத்தினாலும் திரும்ப சர்டிபிகேட்காரங்க அப்ரூவல் வாங்கணும். இப்பதான் அடிச்சு வந்திருக்கு. எத்தனை ரோல் இருக்கு பாருங்க. அதுவும் போக, அரிப்பு வரும்னு நாமளே எழுதி வெச்சா யாரு வாங்குவாங்க?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஏழு பேர் வீட்டு அடுப்பு அந்த லேபிளை நம்பித்தான் எரிந்தது. “ஒரு தடவை டீச்சரை நேர்ல பார்த்துட்டு வந்து முடிவு பண்ணுங்க” என்று மட்டும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து டீச்சருக்கு டெஸ்ட். முதுகில் சின்னச் சின்னச் சதுரமாகச் சந்தேகப்படும் பொருட்களை வைத்து, மேலே டேப் ஒட்டிவிடுவார்கள். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. ஏப்ரல் வெயிலில் தாம்பரத்தில் வியர்க்காமல் எப்படி இருப்பது? டீச்சர் ஃபேனுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினாராம். டேப்பைப் பிரிக்கிற நாளில் மேடமும் வந்தாள். அவளாகவே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, டாக்டர் அறையில் என் பக்கத்தில் நின்றாள்.

ஓரத்தில் இரண்டு சதுரம் மட்டும் சிவந்து, கொசுக்கடிபோலப் புடைத்திருந்தன. ஒன்று வாசனைப் பொருட்களின் கலவை. இன்னொன்று எங்கள் க்ரீம். இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தபோதும் அவை அப்படியே இருந்தன. டாக்டர் உறுதி செய்தார்.

டேப்பைப் பிரித்த அன்று வண்டியில் திரும்பும்போது, ஜிஎஸ்டி ரோட்டில் ஊரப்பாக்கம் தாண்டியதும் மேடம் வேகத்தைக் குறைத்தாள். பிறகு, “சின்ன எழுத்துல போட்டா பிரயோஜனம் இல்ல. முன்பக்கம் போடணும். இடம் இல்லையேக்கா” என்றாள்.

“இலைப் படத்தை எடுத்துடலாம் மேடம்.”

“இலையையா!” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், “சரி” என்றாள்.

தமிழ் வாசகத்தை நான் எழுதினேன். ‘இதிலுள்ள நறுமண எண்ணெய்கள் சிலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடும்.’ டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“ஒவ்வாமைன்னா எட்டாம் வகுப்புலயே பாதிப் பேருக்குத் தெரியாது. அரிப்பு, வீக்கம்னு எழுதுங்க. ஏற்படுத்தக்கூடும் எல்லாம் வேணாம், வரலாம்னு போடுங்க. அப்புறம், வந்தா என்ன செய்யணும்னும் சொல்லணும் இல்லையா?”

அப்படித்தான் அந்த மூன்று வரி உருவானது: ‘சிலருக்கு அரிப்பு, வீக்கம் வரலாம். முதலில் முழங்கை மடிப்பில் சில நாள் தடவிப் பாருங்கள். எரிந்தால் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.’ சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்கள். முத்திரை எங்கள் கம்பெனிப் பெயரைவிடப் பெரிதாகத் தெரிகிறதாம், சிறியதாக்கச் சொன்னார்கள். ஆக்கினோம்.

மேடம் பயந்ததும் ஓரளவு நடந்தது. படித்துவிட்டுக் கீழே வைக்கிறவர்கள் உண்டு. சிலர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஆர்கானிக்குக்கே அரிப்பு வருமா?” என்று கேட்பார்கள். கேட்டால் உட்கார வைத்துச் சொல்வேன். அந்த வருடம் முடியும் முன்பு வாசனை எதுவும் சேர்க்காத க்ரீம் ஒன்றும் செய்யத் தொடங்கினோம். சாதுவான பண்டம், மணம் இல்லை என்று பலருக்குப் பிடிக்கவில்லை. மெதுவாக விற்கிறது.

அதில் ஒன்றை டீச்சருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பின்பக்கம் முழுவதையும் நிதானமாகப் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நான் பூச மாட்டேன்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருடைய இடது இமையில் இருந்த கறுப்பு அப்போதுதான் மங்கிக்கொண்டு வந்தது. முழுதாகப் போக இன்னும் சில மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீச்சர் உள்ளே போய் டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.