செல்லத்தாயின் காது

தாயில்பட்டியில் எங்காவது 'டம்' என்று ஒன்று கேட்டால், அது லாரி டயரா, கல்குவாரி வெடியா, பட்டாசுக் கம்பெனியா என்று ஊர் யோசிப்பதற்குள் செல்லத்தாய் தெருவில் நிற்பாள். எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று கண்கள் வானத்தைத் துழாவும்.

புருஷன் சங்கிலிமுத்து பதினெட்டு வருஷம் பட்டாசுக்கு மருந்து செலுத்தியவன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் தூக்குவாளியோடு போகிற மனுஷன் சாயங்காலம் வாசலில் வந்து நிற்கும்வரை இருக்கிறானா இல்லையா என்று தெரிய வழியில்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் அவள் தீப்பெட்டி ஒட்டினாள், சோறு வடித்தாள், மகள் சினேகாவுக்குத் தலை பின்னினாள். மனசுக்குள் ஆயிரம் தடவை அவனைப் பறிகொடுத்து, ஆயிரம் தடவை மாரில் அடித்து அழுது முடித்திருந்தாள். உயிரோடு வந்து நிற்பவனிடம் மட்டும், "வந்துட்டீகளா" என்பதோடு சரி. மறுநாளைய பயம் அப்போதே தொடங்கிவிடும்.

"இவ என்னைய நெனச்சு நெனச்சே செத்துருவா போலருக்கு" என்று போன தைப்பொங்கலோடு சங்கிலிமுத்து அந்த வேலையை விட்டான். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனான். கூலி பாதிதான். அவள் நிம்மதியாக இருந்தால் போதும் என்று நினைத்தான். நிம்மதி வந்ததா? அதுதான் இல்லை. இப்போது அவள் மனசுக்குள் பஸ் கவிழ்ந்தது. மிஷினில் அவன் கை மாட்டியது. மிஷின் பக்கமே போவதில்லை என்று அவன் சத்தியம் செய்த பிறகும் மாட்டியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவள் காதுக்குக் கேட்டதெல்லாம் வெடி.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்பு. சங்கிலிமுத்து சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது வடக்கே அந்தச் சத்தம். அகப்பை கைநழுவி விழுந்தது.

"ஐயோ, எம்புருசன் போயிட்டாகளே!"

அலறிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனைத் தாண்டித் தெருவுக்கு ஓடினாள்.

"மதினி, அது குவாரி வெடி," என்றான் எதிர்வீட்டு முனியராஜ். "ஞாயித்துக்கெளமையும் அண்ணன் வேலைக்கா போயிருக்காக?"

வீட்டுக்குள்ளிருந்து சங்கிலிமுத்துவின் குரல் வந்தது. "ஏ புள்ள, நான் இங்கனதான இருக்கேன்!"

தெருவே சிரித்தது. செல்லத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. இதுவரை வராத வேறொரு பயம் வந்தது. கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவனை எப்படிப் பார்க்காமல் போனோம்?

உள்ளே வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். குவாரியில் இன்னொரு வெடி. காது வாசலுக்கு இழுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல், அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஏங்க, மீசை எப்ப இப்பிடி நரைச்சுது?"

"அது ஆச்சு, அஞ்சாறு வருசம்," என்றான் சங்கிலிமுத்து.