தண்ணீரில்லாமல் ஏறிய மேடு

பலாபத்வலையில் ஸ்கூல் வேன் ஓட்டும் ஆஸியாவுக்கு எஞ்சின் சூடாவதென்றால் பயம். முன்பு அதை ஓட்டிவந்த கணவர் ஹுசைனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்த பிறகுதான் ஆஸியா ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஓட்டத் தொடங்கிய புதிதில், அருகிலுள்ள நாலந்தாவுக்குப் பிள்ளைகளோடு சுற்றுலா போய்த் திரும்பும் வழியில் ஹோஸ் வெடித்து ஆவி பீறிட்டது. பிள்ளைகள் அலறினார்கள். அன்றிலிருந்து ஒரு கண் பாதையில், ஒரு கண் சூடு காட்டும் முள்ளில்.

ஹுசைனுக்குச் சொற்கள் வாயில் சிக்கும். அந்த வெட்கத்தில் பேச்சையே குறைத்துவிட்டார்.

ஒரு பௌர்ணமிப் போயா லீவில், ரேடியேட்டர் ஹோஸை மாற்றுவதற்காக வீட்டு முன் குறுகிய ஒழுங்கையில் வேனை நிறுத்தி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் தண்ணீர் முழுவதையும் வடித்திருந்தார் ஆஸியா. ஹுசைன் பக்கத்தில் கதிரையில் இருந்தார். எதிர்வீட்டு ஸப்வான் ஓடி வந்தான்.

"ராத்தா, வேனக் கொஞ்சம் எடுங்க! உம்மாவுக்கு மூச்சு முட்டுது. கார் வெளிய வராது."

"தண்ணியில்லயே தம்பி!"

ஒழுங்கை மேடு. தள்ளவும் முடியாது.

"ஸ்டார்ட்... பண்ணு" என்றார் ஹுசைன்.

"ஷஸ்னாட வாப்பா, எஞ்சின் ஜாம் ஆனா?" என்று மகளின் பெயரைச் சொல்லிக் கணவரைக் கேட்டார் ஆஸியா.

"ஆறித்தானே இருக்கு. கொஞ்ச தூரம்... ஒன்னும் ஆகாது."

ஆஸியா ஏறினார். கண் தானாக முள்ளுக்குப் போனது.

"அதப் பாக்காத. தண்ணி இல்லாட்டி... அது சரியாக் காட்டாது. பாதையப் பாரு."

ஜன்னலை இடக்கையால் பிடித்தபடி அவரும் கூடவே நடந்தார். வேன் முனகிக்கொண்டு மேடேறி, பெரிய ரோட்டின் ஓரத்தில் ஒதுங்கியது. "போதும். நிப்பாட்டு." ஸப்வானின் கார் சீறிப் பறந்தது.

பழகிய அவசரத்தில் தண்ணீர்ப் போத்தலை எடுத்த ஆஸியாவின் மணிக்கட்டை ஹுசைன் பிடித்தார்.

"ஹோஸ் போடாம எங்க ஊத்துற?"

ஆஸியாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இருவரும் ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறிகள் இரைந்து போயின. ஹுசைன் பிடித்த கையை விடவில்லை.

"இன்னைக்கு எவ்வளவு பேசிட்டீங்க" என்றார் ஆஸியா.

"நீ பயந்துட்ட."

எஞ்சின் ஆறியதும் ஹுசைன் இடக்கையால் ஹோஸைப் பிடிக்க, ஆஸியா கிளிப்பை முறுக்கினார். உம்மாவுக்கு ஒட்சிசன் கொடுத்திருக்கிறார்கள், இப்போது சுகம் என்று பின்னேரம் ஸப்வானின் அழைப்பு வந்தது.

மறுநாள் காலை ஹுசைன் தானாகவே சட்டை மாற்றிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். ஏறிய பிள்ளைகள் அவரிடம் ஏதேதோ கேட்டார்கள். பதில் வரத் தாமதமானது. அவர்கள் காத்திருந்தார்கள்.