கால்வாய் வேலையில் வெரோனிக்கா

பலகையைத் திருப்புமுன் வெரோனிக்கா முதல் வண்டிக்காரரின் முகத்தைப் பார்ப்பார். பார்வை கைப்பேசியில் இருந்தால் திருப்பமாட்டார். அந்த ஆள் நிமிர்ந்த பிறகுதான் சிவப்புப் பக்கத்து ‘பெர்ஹெந்தி’ மறைந்து பச்சைப் பக்கத்து ‘ஜாலான்’ தெரியும். நில், போ என்ற அந்த இரண்டு மலாய்ச் சொல்லை வைத்துக்கொண்டு ஏழு மாதமாக ஜெலுத்தோங்கில் ஒரு தெருவை அவர் நடத்திவந்தார்.

காத்திருப்பவர்களோடு பேசாமல் இருக்க அவரால் முடியாது. “ரெண்டே நிமிஷம்லா தம்பி. மழத்தண்ணி வீட்டுக்குள்ள வந்தா ரெண்டு நாளு கழுவணும்” என்பார் மோட்டார்சைக்கிள்காரரிடம். வண்டி எண் எதுவும் அவர் மனத்தில் நிற்காது. ஆனால் யார் எங்கே போகிறார் என்பது தெரியும். ‘ஆஸ்பத்திரி நர்ஸ்’, நூடுல்ஸ் விற்கும் ‘மீ கோரெங் வேன்’, ‘கோபக்காரச் சீனர்’ என்று எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். கோபக்காரச் சீனர் கிறிஸ்துமஸுக்கு ஒரு பை ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனார்.

வெரோனிக்காவுக்கு ஐம்பத்தொன்று. பாயான் லெப்பாஸில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே தொழிற்சாலையில் இருந்தார். அவர் இருந்த பிரிவை மூடினார்கள். அதன்பின் எட்டு மாதம் வீட்டில். “வயசக் கேட்டதும் பேனாவ மூடிடுறாங்க” என்பார் நேர்முகத் தேர்வுகளைப் பற்றி. அந்தச் சமயத்தில்தான், ஆண்டுதோறும் நிரம்பி வழியும் பெரிய கால்வாயை அகலப்படுத்த அரசாங்கம் நிதி ஒதுக்கியது. உள்ளூர் ஆட்கள் தேவை என்ற அறிவிப்பை அவருடைய அடுக்குமாடியின் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்கள். உள்ளூர்க்காரர்களுக்குப் பலகையும் லாரியும் கிரேனும். ஐந்தாம் மாடி வள்ளியம்மா வேலையிடத்து வாசலில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கத் தொடங்கினார்.

மகள் ஷெரிலுக்கு முதலில் பிடிக்கவில்லை. “ம்மா, ரோட்ல நின்னு கொடி காட்டுறியா?”

“கொடி இல்லடி, போர்டு.”

தெருவின் மறுமுனையில் இன்னொரு பலகையோடு நின்றவர் சின்னையா. வயது அறுபது, ஒரு முழங்காலில் எப்போதும் கட்டு. இருவருக்கும் நடுவே முழு வேலையிடமும் கிடந்ததால், வெரோனிக்கா அவரை நேரில் பார்த்ததைவிட வாக்கிடாக்கியில் கேட்டதுதான் அதிகம்.

ஏழாம் மாதம் மேற்பார்வையாளர் ஃபிக்ரி வந்தார். சக்கரம் வைத்த சிக்னல் விளக்கு வரப்போகிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும் என்று மலாயில் சொன்னார். “நீங்கள் இருங்கள், அக்கா. சின்னையாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.”

வெரோனிக்கா பலகையை ஒருமுறை திருப்பினார். வண்டிகள் போய் முடிந்தன. பிறகு, கிரேனுக்குக் கை காட்டும் வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டதா என்று கேட்டார். அந்த வேலையில் இருந்தவர் ஜொகூருக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அதற்குப் பயிற்சி வேண்டும், தேர்வு உண்டு, தேறாவிட்டால் இந்த இடமும் கையில் இருக்காது என்றார் ஃபிக்ரி.

“என் பேர எழுதிக்குங்க.”

மாலையில் வாக்கிடாக்கியில் சின்னையாவின் குரல் கரகரத்தது. “எனக்காகவாம்மா?”

“உங்களுக்கு எதுக்குண்ணே? அங்க சம்பளம் கூட, வெயிலு கொறவு.”

அங்கேயும் இதே வெயில்தான். இருவருக்கும் அது தெரியும்.

இரண்டு வாரம் பயிற்சி. வீட்டில் ஷெரில் இரண்டாம் மாடி நடைபாதையிலிருந்து கயிற்றில் ஒரு வாளியை இறக்க, அம்மா கீழே நின்று சைகை காட்டினார். விரலை மேலே நீட்டி வட்டம் போட்டால் ஏற்று; பிறகு இறக்கு, மெதுவாக, நிறுத்து. “ஃபெயிலானா என்னம்மா பண்ணுவ?” என்று மேலிருந்து மகள் கேட்டாள். “வாளியப் பாரு” என்றார் அம்மா. எழுத்துத் தேர்வில் நூலிழையில் தேறினார்.

முதல் நாள், கிரேன் ஓட்டும் நல்லமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். “இருவது வருசமா ஓட்டுறேன்க்கா. என் கண்ணு போதும்லா. நீங்க சும்மா ஓரமா நில்லுங்க.” ஆனால் அவருடைய இருக்கையிலிருந்து குழியின் அடி தெரியாது. அங்கே மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

கால்வாயில் பதிக்க லாரியில் வந்திருந்த கான்கிரீட் பெட்டியின் நான்கு மூலையிலும் கொக்கிகளை மாட்டினார்கள். வானம் கறுத்திருந்தது. கிரேன் இழுத்தது, பெட்டி லாரியைவிட்டு ஒரு சாண் எழுந்தது. அப்போதுதான் வெரோனிக்கா பார்த்தார். குழிப்பக்கத்து மூலையில் கொக்கி வளையத்துக்குள் முழுதாக இறங்காமல் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். நிறுத்து.

பெட்டி அந்தரத்தில் நின்றது. “என்னக்கா?” என்று நல்லமுத்து தலையை நீட்டினார். மறுகரையிலிருந்து ஃபிக்ரி வானத்தைக் காட்டி, சீக்கிரம் என்று கையசைத்தார். சாலையில் வண்டிகள் ஒலியெழுப்பின. வெரோனிக்காவின் தோள்கள் வலித்தன. தவறாகப் பார்த்திருந்தால் இன்றோடு வேலை முடிந்தது என்று தோன்றியது. கைகளை இறக்கவில்லை.

நல்லமுத்து இருக்கையைவிட்டு எழுந்து எட்டிப் பார்த்தார். கொக்கியைப் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்தார். வெரோனிக்கா இறக்கச் சொல்லிச் சைகை காட்ட, பெட்டி மறுபடி லாரியில் அமர்ந்தது. கொக்கியைச் சரியாக மாட்டினார்கள். வெரோனிக்கா லாரியைச் சுற்றி நடந்து நான்கு மூலையையும் நிமிர்ந்து பார்த்தார். குழிக்குள் இருந்த மூவரையும் மேலே வரச் சொன்னார். பிறகு குழியின் விளிம்புக்குத் திரும்பினார்.

நல்லமுத்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். “சொல்லுங்கக்கா” என்றார்.

முதல் துளிகள் விழத் தொடங்கின. வெரோனிக்கா வலக்கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டார்.