மரத்துப்போன மூக்கும் பிச்சிப்பூ அத்தரும்

வாசனை வியாபாரத்தில் இறங்கிய எனக்கு, ஒரே மணத்தை நாள் முழுக்க முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும் என்பதுகூடத் தெரியாது. சங்கரன்கோவில் மார்க்கெட் பிச்சிப்பூவும் சந்தனத் தைலமும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்பதுதான் என் அத்தருக்கு நான் வைத்த சட்டம். மணம் போதவில்லை என்று தோன்றத் தோன்ற, தினமும் அதே தைலத்தில் புதுப் பூவை ஊறப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

நன்றாக இருந்தால் தன் கடையில் வைத்து விற்பதாகச் சொல்லியிருந்த பூக்கடை அண்ணாச்சியிடம் முதல் பாட்டிலை நீட்டினேன். திறந்தவர் நாலு தும்மல் போட்டுவிட்டு மூடினார்.

“மணம் மண்டையில ஏறி தலை வலிக்குது வே. இதை யாரு பூசுவா?”

“எசன்ஸ் கலந்து சரிக்கட்ட மாட்டேன் அண்ணாச்சி. எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்லேருந்து செய்யுதேன். நாளைக்கு ரெண்டு கிலோ பூ எடுத்து வையுங்க.”

“பூ தாரேன். மோந்து பாக்குற வேலையை மட்டும் உம்ம வீட்டம்மாகிட்ட விட்டுரும்.”