மாட்டுப்பாயில் உட்கார்ந்த எஞ்சின்

காலை எட்டரை மணிக்கு நாகர்கோவில் வடசேரியிலிருந்து கிளம்பினோம். போக வேண்டிய இடம் திற்பரப்பு அருவிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். வண்டி என்னுடையது, பன்னிரண்டு வயதான பெட்ரோல் கார். முந்தின நாள்தான் கோயம்புத்தூரிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். வள்ளியூர் தாண்டி ஒரு பள்ளத்தில் மடாரென்று விழுந்து எழுந்ததிலிருந்து முன்பக்கம் ஒரு கடகடப்பு. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பம்ப்செட் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்து, மோட்டார் சத்தம் கேட்டே சம்பளம் வாங்குகிறவள் நான். எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எனக்குத் தெரியாதா என்ற தெம்புதான்.

பின் சீட்டில் பகவதி. என் கணவரின் தங்கை, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவள் மடியில் ஒரு தகர டின், இரண்டு பக்கமும் இரண்டு டின். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம். இந்தப் பக்கத்தில், மகளுக்கு ஏழாம் மாதம் ஆனதும் தாய்வீட்டார் பலகாரத்தோடு போய் அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். பகவதியின் மகள் ஆதிராவைத்தான் அழைத்து வரப் போகிறோம். பகவதியின் வீட்டுக்காரர் சார்ஜாவில் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே பெண் வீட்டுப் பரிவாரம் என்பது நாங்கள் இருவரும் மூன்று டின்களும்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பகவதி காரில் ஏறி மூன்று வருடம் ஆகிறது. அப்போது ஒரு வாடகைக் காரில் மார்த்தாண்டத்துக்குப் போகும்போது, ஏதோ சத்தம் கேட்கிறது என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்திருக்கிறான். மறுபடி சொன்னதற்குப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறான். அடுத்த இறக்கத்தில் பிரேக் போய், வண்டி ஒரு தென்னையில் மோதியது. உயிருக்கு ஒன்றுமில்லை, இவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அன்று முதல் பஸ், ரயில், இல்லாவிட்டால் நடை. வயிற்றுப்பிள்ளைக்காரியை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டி வர முடியாது என்பதால்தான், "மைனி ஓட்டுனா வாறேன்" என்று இறங்கி வந்தாள். இந்தப் பக்கத்தில் அண்ணி என்றால் மைனி.

பார்வதிபுரம் தாண்டுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மைனி, ஒரு சத்தம் வருது. கேக்கியளா?"

"டின்னுக ஒண்ணோடொண்ணு இடிக்குது அம்மிணி. நடுவுல துண்டை வை."

துண்டு வைத்தாள். சுங்கான்கடையில் வேளிமலை சாலையோரம் வரைக்கும் இறங்கி வந்து நிற்கிறது. உச்சியில் மேகம் தங்கியிருந்தது. புதிதாக வருகிறவர்கள் இங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். பகவதி மலையைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த டின்னைத் தூக்கிக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டின்னு இல்ல மைனி. முன்னால இருந்தாக்கும் வருது."

"பழைய எஞ்சின். வால்வைத் தட்டுற டப்பெட் லூசா இருக்கும். அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

வில்லுக்குறி, தக்கலை என்று ஊர்கள் ஒட்டிக்கொண்டே வந்தன. எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் இரண்டு ஊருக்கு நடுவே வெறும் காடாவது இருக்கும். இங்கே ஒரு ஊரின் கடைசிக் கடையும் அடுத்த ஊரின் முதல் கடையும் ஒரே கட்டிடம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திரும்பும் இடத்தில் சுற்றுலா வேன்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஏசியைக் கூட்டி வைத்துக் காத்திருந்தோம். கடகடப்பு இப்போது ஸ்டியரிங் வழியாக என் கைக்கே வந்தது. பகவதியைக் கண்ணாடியில் பார்த்தேன். டின்னை இறுகக் கட்டிப் பிடித்திருந்தாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

ஒன்பதரை மணிவாக்கில் அழகியமண்டபம். பழக்கடைகளில் மட்டிப் பழக் குலைகள் வரிசையாகத் தொங்கின. விரல் நீளம்தான் இருக்கும், வாசனை ஊரைக் கூட்டும். கிலோ தொண்ணூறு ரூபாய் என்று ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு, அடுத்திருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். நான் சொல்வதை இன்னொரு வாயும் சொன்னால் இவள் அடங்குவாள் என்று கணக்கு. மெக்கானிக் பானட்டைத் திறந்து, இரண்டு தடவை எஞ்சினை உறுமவிட்டு, எனக்கு வேண்டியதையே சொன்னார்.

"டப்பெட் சத்தமாக்கும் அக்கா. பிரிச்சுப் பாக்கணும். வண்டிய இங்க போட்டுட்டுப் போங்க, நாளக்கி சாயங்காலம் தாறேன்."

"நாஞ் சொல்லல?" என்று பகவதியைப் பார்த்தேன்.

அவள் மெக்கானிக்கைக் கேட்டாள்: "டப்பெட்டுன்னா ஏசி போட்டா கூடுமா? வண்டிய எடுக்கும்ப டொக்குன்னு ஒரு இடி இடிக்கி. கியர் மாத்தும்பளும் அதே இடி. இறக்கத்துல சும்ம கெடக்கு. டப்பெட்டு அப்பிடியா செய்யும்?"

கேட்ட தோரணையிலேயே தொழிலைக் கண்டுபிடித்து அவர் சிரித்தார். "டீச்சரு எஞ்சினும் படிப்பிக்கியளோ?"

வேடிக்கையாகத்தான் சொன்னார், கெட்ட எண்ணமில்லை. எனக்கும் சிரிப்பு உதடு வரைக்கும் வந்தது. அதற்குள் பகவதி மூன்று டின்களையும் எடுத்துக்கொண்டு சாலையோரத்தில் போய் நின்றுவிட்டாள்.

"அவனும் இப்பிடித்தான் மைனி சிரிச்சான். நீங்க போங்க. நான் குலசேகரம் பஸ்ஸுல வாறேன். ஆனா ஒண்ணு, இந்தச் சத்தம் நிக்காம எனக்க மவள இந்த வண்டியில ஏத்த மாட்டேன், பாத்துக்கிடுங்க."

வந்த சிரிப்பு அப்படியே உள்ளே போனது. அப்போதுதான் அவள் கேட்ட கேள்வியை ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். நல்ல கேள்வி. டப்பெட் என்றால் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அந்த வேகத்துக்குத் தட்டிக்கொண்டே இருக்கும். வண்டி எடுக்கும்போது மட்டும் ஒரு இடி, இறக்கத்தில் ஓய்வு என்று அது ஆள் பார்த்து வேலை செய்யாது. கம்பெனியில் ஒரு புதுப் பெண் இப்படி ஒரு குறிப்பைக் கொடுத்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பேன். நாத்தனார் சொன்னாள் என்பதால் காதில் ஏறவில்லை.

"பகவதி, முன் சீட்டுல வந்து உட்காரு. நான் மெதுவா ஓட்டறேன். சத்தம் எப்ப வருது, எப்ப போகுதுன்னு நீ சொல்லிட்டே வா. திற்பரப்பு போய்ச் சேர்றதுக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா, வண்டியை அங்கேயே விட்டுட்டு வேற வழி பார்க்கலாம். சத்தியமா."

ஒரு பஸ் வந்து நின்று போகும் வரை யோசித்தாள். பிறகு டின்களைப் பின்னால் வைத்துவிட்டு முன்னால் ஏறினாள்.

வேர்க்கிளம்பி, திருவட்டாறு வழியாக முப்பது வேகத்தில் போனோம். பின்னால் வந்த எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பகவதி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டு வந்தாள். "இப்ப இருக்கு. இப்ப இல்ல. இந்தா, இடிச்சாச்சு." கரும்பலகையில் எழுதிக்கொண்டே, பின்னால் எந்தப் பெஞ்சில் யார் பேசுகிறார்கள் என்று பெயர் சொல்லும் காது அது. ஏற்றத்தில் கூடியது. கிளட்சை மிதித்தால் குறைந்தது. ஏசியை அணைத்தால் பாதியானது. எஞ்சின் பாரம் தாங்கும்போதெல்லாம் சத்தம். பாரம் விட்டால் சும்மா. குலசேகரம் சந்தையைத் தாண்டும்போது எனக்குப் பிடிபட்டுவிட்டது. எஞ்சினுக்கு உள்ளே ஒன்றும் ஆடவில்லை. எஞ்சினே ஆடுகிறது.

குலசேகரத்துக்கு அப்பால் ரப்பர் மரங்கள் தொடங்கிவிடுகின்றன. எல்லா மரமும் ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்து, இடுப்பில் ஒரு கிண்ணம் கட்டிக்கொண்டு நிற்கும். வெயில் கீழே இறங்காது. பதினொரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். ஆதிரா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். பகவதி மகளைக் கட்டிக்கொண்ட கையோடு சொன்னாள்: "மோளே, வண்டி செரியானா இன்னைக்கு. இல்லெங்கி இன்னொரு நாளு பாப்போம்." ஆதிராவின் முகம் வாடிவிட்டது. பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தாள். நல்ல நேரம் மாலை நாலரையோடு முடிகிறது. அதற்குள் வடசேரி வீட்டில் கால் வைக்க வேண்டும். அதைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தவளும் பகவதிதான்.

பலகாரம் இறக்கி, சம்பிரதாயம் முடிந்து, சாப்பாடானதும் சேலையைத் தூக்கிச் செருகினேன். ஆதிராவின் கணவன் அனீஷை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் மட்டும் விடச் சொன்னேன். நான் பானட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்றேன். டொக். எஞ்சின் வலது பக்கம் இரண்டு விரற்கடை எழும்பி விழுந்தது. எஞ்சினை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் இடங்களில், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு கனத்த ரப்பர் இருக்கும். அதில் வலது பக்கத்து ரப்பர் குறுக்கே கிழிந்திருந்தது. வள்ளியூர்ப் பள்ளம் செய்த வேலை. எஞ்சின் அந்தப் பக்கம் இறங்கியதால், சைலன்சர் குழாயின் மேல் தகடு சட்டத்தில் உரசிக் கடகடத்திருக்கிறது.

"பகவதி, நீ சொன்னதுதான் சரி. டப்பெட் இல்லை" என்று எல்லோரும் கேட்கவே சொன்னேன்.

"நான் காலத்தே சொன்னேனே" என்றாள். அவ்வளவுதான்.

ஒரு ஆளை அனுப்பிப் புது ரப்பர் வாங்கி மாட்டுவதற்குள் நல்ல நேரம் போய்விடும். வீடு வரைக்கும் தாங்க, கனமான ரப்பர் துண்டு வேண்டும் என்றேன். அனீஷுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ரப்பருக்கா பஞ்சம் மாமி?" என்று கொடியில் காய்ந்துகொண்டிருந்த ரப்பர்பால் ஷீட்டை இழுத்து வந்தான்.

"இது பச்சை ரப்பர். எஞ்சின் சூட்டுக்கு இளகிப் பிசின் ஆகிடும் தம்பி. பக்குவம் பண்ணின ரப்பர் வேணும். பழைய டயர் இருக்குதா?"

இல்லை. சுற்றிலும் அத்தனை ரப்பர் மரம், உதவுகிற ரப்பர் ஒரு துண்டு இல்லை. வீட்டைச் சுற்றி வந்தேன். மாட்டுத் தொழுவத்தில் ஒரு பசு சொகுசாகப் படுத்திருந்தது. அதன் கீழே விரல் தடிமனில் கறுப்பாக ஒரு ரப்பர் பாய். குனிந்து கிள்ளிப் பார்த்தேன். முதல் தரம். எங்கள் கம்பெனியில் மோட்டாருக்கு அடியில் வைப்பதற்குக்கூட இவ்வளவு நல்லது கொடுப்பதில்லை.

அனீஷின் அம்மா தங்கம்மை தொழுவத்து வாசலை மறித்து நின்றார். "அய்யோ, பசு வெறுந்தரையில கெடக்கணுமோ?"

"ஒரு மூலை போதுங்க சம்பந்தி. கோயம்புத்தூர் போய்ப் புதுப் பாயே அனுப்பி வைக்கிறேன்."

"பாயி வேண்டாம். பிள்ளய பத்திரமாட்டு கொண்டு சேத்தா மதி" என்று அவரே அரிவாள் எடுத்து வந்து கொடுத்தார்.

பாயைக் கழுவி நான்கு துண்டு போட்டோம். எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து, அதன் மேல் ஜாக்கி கொடுத்து மெல்லத் தூக்கினேன். பலகை இல்லாமல் தூக்கினால் ஆயில் தொட்டி நசுங்கிவிடும். கிழிந்த இடத்தில் பாய்த் துண்டுகளை அடுக்கித் திணித்து, போல்ட்டை முறுக்கி, நழுவாமலிருக்கக் கம்பியால் கட்டினேன். ஜாக்கியை இறக்கியதும் எஞ்சின் பசுவைப் போலவே பாயில் அமர்ந்தது.

சோதனை அதிகாரி பகவதிதான். முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். ஸ்டார்ட் செய்தேன். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் நகர்த்தினேன். மரத்தடியில் ஆதிரா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏசி போடுங்கோ மைனி."

போட்டேன்.

"கூட்டி வைங்கோ."

வைத்தேன். கழுத்தைச் சாய்த்துக் காதை டாஷ்போர்டுப் பக்கம் கொடுத்தாள். 

"ஒண்ணும் கேக்கல்ல" என்றாள். இறங்கிப் பின் கதவைத் திறந்தாள். "மோளே, ஏறு."

இரண்டே முக்காலுக்குக் கிளம்பினோம். தாயும் மகளும் பின்னால். நாற்பதுக்கு மேல் போகவில்லை. எஞ்சின் சூடானதும் சாண வாசனை லேசாக உள்ளே வந்தது. "பசுவும் கூட வருது போல" என்று ஆதிரா சிரித்தாள். பகவதி திருவட்டாறு வரை பேசிக்கொண்டு வந்தாள், அழகியமண்டபத்தில் அந்த ஒர்க்‌ஷாப்பைத் திரும்பிப் பார்த்தாள், தக்கலைக்கு அப்புறம் அவள் குரலே கேட்கவில்லை. மறுபடி பயம் வந்துவிட்டதோ என்று வில்லுக்குறியில் கேட்டேன்.

"பகவதி, ஏதாவது கேக்குதா?"

பதில் ஆதிராவிடமிருந்து வந்தது, ரகசியக் குரலில். "அம்ம ஒறங்குது மாமி."

கண்ணாடியில் பார்த்தேன். மகள் தோளில் தலை, லேசாகத் திறந்த வாய், மடியில் காலி டின். காரில் ஏறவே மாட்டேன் என்றவள்.

நாலு மணிக்கு வடசேரி வீட்டு வாசல். பக்கத்து வீட்டுப் பெண் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். எங்கள் கம்பெனியில், சத்தமில்லாமல் ஓடிக் காட்டிய மோட்டாருக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி உடனே அணைத்துவிடுவோம். சோதனை அத்தோடு முடிந்தது. இங்கே சாவியில் கை வைத்தேன், அணைக்க மனம் வரவில்லை. அணைத்தால் விழித்துவிடுவாள். ஆரத்திக்காரியைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

"நாலர வரைக்கும் நேரம் இருக்கு மாமி" என்று ஆதிரா கிசுகிசுத்தாள்.

வண்டியைப் பையத் திருப்பி, பார்வதிபுரம் வரைக்கும் இன்னொரு முறை போய் வந்தேன்.