முன் சீட்டு முறை

காசிநாதன் வேனுக்கு லைட் மாற்றுவது இது மூன்றாவது தடவை. முதலில் மஞ்சளடித்துப் போயிருந்த கண்ணாடியைப் பாலிஷ் போட்டார். ஒரு வாரம் நன்றாகத் தெரிகிற மாதிரி இருந்தது. மனப்பிராந்திதான், வேறென்ன? அப்புறம் பவர் ஜாஸ்தியான பல்பு போட்டார். அது ஒயரைச் சுட்டு வேனுக்குள் கருகல் நாற்றம் பரப்பியதில், ஷிப்ட் முடிந்து ஏறிய கம்பெனிப் பெண்களெல்லாம் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது வெள்ளை எல்.ஈ.டி. ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஜான் பாஷா, பல்பை மாட்டிவிட்டு எழுந்து இடுப்பை நிமிர்த்தினார்.

"இதுக்கு மேல போட்டா எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு அவிஞ்சிடும்ணா."

"அவன் டிம் அடிச்சிக்கட்டும். எனக்கு ரோடு தெரியணும்."

"போன மாசம் போட்ட பல்பே ஜாஸ்தி. அதுலயும் தெரியலன்னா கோளாறு வண்டில இல்லணா. ஒரு தபா கண்ணக் காட்டிட்டு வந்துடேன்."

காசிநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீ ஒயரப் பாரு, பாஷா. ஆளப் பாக்காத" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாக எதிர் வண்டியின் வெளிச்சம் பஞ்சு பிரித்த மாதிரி விரிகிறது. அந்தப் பஞ்சுக்குப் பின்னால் ரோடு எங்கே, ஓரம் எங்கே என்று குத்துமதிப்பாகத்தான் ஓட்டுகிறார். ஆனால் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் அவர் ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தையோடு பிழைப்பு முடிந்தது. பேரணாம்பட்டிலிருந்து சென்னைக்குத் தோல் லோடு அடித்தது பதினாறு வருஷம், அப்புறம் இந்த ஷூ கம்பெனி வேன் பன்னிரண்டு வருஷம். ஐம்பத்துநாலு வயசில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வேறு எதைப் பிடிப்பார்? வீட்டில் கேட்டபோதும் லைட்டுதான் சரியில்லை என்றார். சொல்லிச் சொல்லி அவரே பாதி நம்பிவிட்டார்.

செகண்ட் ஷிப்ட் ராத்திரி பத்தரைக்கு விடும். ஆம்பூரில் ஏற்றி, ஹைவேயில் மாதனூர் வரை வந்து, ஒடுகத்தூர் ரோட்டில் திரும்ப வேண்டும். மொத்தம் பதினாலு பெண்கள். கம்பெனி பேப்பர்படி ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டால் அவர் வேலை முடிந்தது. ஆனால் காசிநாதன் முதல் நாளிலிருந்தே மலையடிவாரத்துக் குக்கிராமங்கள் வரை உள்ளே போய், ஒவ்வொருத்தியையும் அவளவள் தெருமுனையில் இறக்கிவிட்டுத்தான் திரும்புவார். நடுராத்திரியில் பொம்பளைப் பிள்ளைகளை இருட்டில் நடக்க விடுவதா என்பது அவர் கட்சி.

வேனில் ஏறியதும் பதிமூன்று பேர் தூங்கிவிடுவார்கள். முன் சீட்டில் உட்காருகிறவள் மட்டும் தூங்க மாட்டாள். வாரத்துக்கு ஒருத்தி மாறுவாள். யார் உட்கார்ந்தாலும் வாய் ஓயாது. "அதோ அந்த மாடு பாரேன், ரோட்டுலயே படுத்துக்கினு இருக்குது." "சைக்கிள்ல போறாரே, நம்ம ஊரு வாத்தியார்தான?" "இந்த ஸ்பீடு பிரேக்கர எவன் போட்டான், இடுப்பு ஒடியுது." அதிலும் தனகோடி இருக்கிறாளே, தையல் செக்‌ஷனில் மூத்தவள், அவள் வாரம் வந்தால் காசிநாதனுக்குக் காது வலிக்கும். ஜன்னல் காத்து பட்டதும் பேச்சு வந்துவிடும் போல என்று நினைத்துக்கொள்வார். பேஜார்தான். ஆனாலும் கோபித்துக்கொண்டதில்லை.

புது லைட் போட்ட அன்று அவருக்குத் தாங்க முடியாத பெருமை. "இன்னிக்கிப் பாருங்க, பகல் மாரி இருக்கும்" என்றார். முன் சீட்டில் மெர்சி உட்கார்ந்தாள். கைக்குழந்தைக்காரி. இரண்டு நாளாகக் குழந்தைக்குக் காய்ச்சல், பகலிலும் கண் மூடியிருக்க மாட்டாள். மாதனூர் தாண்டுவதற்குள் அவள் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. அட, இன்றைக்காவது நிம்மதியாக ஓட்டலாம் என்று காசிநாதன் சந்தோஷப்பட்டார்.

பாதி வழியில் தூறல் பிடித்தது. அந்த வெள்ளை வெளிச்சம் தூறலில் பட்டுத் திரும்பி அவர் முகத்திலேயே அடித்தது. எதிரே ஒரு லாரி வந்தது. டிம் அடித்தார், அவன் அடிக்கவில்லை. கண்ணாடி முழுக்க வெள்ளை. ரோடு இல்லை, மரம் இல்லை, ஒன்றுமே இல்லை. கால் பழக்கத்தில் பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவில் நின்றது.

"டிராக்டரு! அண்ணா, டிராக்டரு! ரைட்ல ஒடி!"

பின் சீட்டிலிருந்து தனகோடியின் குரல். அவர் பார்த்து ஒடிக்கவில்லை, கேட்டு ஒடித்தார். லாரி அப்போதுதான் தாண்டியிருந்தது, நல்ல வேளை. பின் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நின்ற கரும்பு டிராக்டரின் மூலை, வேனின் இடது கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. வேன் நாலு முழம் தள்ளி மண்ணில் இறங்கி நின்றது.

உள்ளே ஒரே கூச்சல். யாருக்கும் அடி இல்லை. காசிநாதன் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது தன்னைத் திட்டுவார்கள், திட்டட்டும் என்று காத்திருந்தார். ஆனால் அவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தனகோடி எழுந்து வந்து மெர்சியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னாடி நீ! இந்த வாரம் உன் மொறதான? தூங்கிட்டியே! முடியலன்னா முன்னாடியே சொல்லக்கூடாதா, நான் உக்காந்திருக்க மாட்டனா?"

மெர்சி அழ ஆரம்பித்தாள். "ரெண்டு நிமிசம்தான்க்கா... கண்ணு சொருகிடுச்சு..."

"இன்னா மொற?" என்றார் காசிநாதன்.

மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு தனகோடியைப் பார்த்தாள்.

"தனகோடி, உன்னத்தான் கேக்கறேன். இன்னா மொற?"

அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள். "உனக்கு ராத்திரியில கண்ணு சரியாத் தெரியலணா. ஆடி மாசத்துல அந்தத் தரப்பாலத்துல நேரா வாய்க்காலுக்குள்ள விடப் பாத்தியே, அன்னிக்கு நான்தான் முன்னாடி இருந்தேன். அதுலேர்ந்து வாரத்துக்கு ஒருத்தியா முழிச்சினு வரோம். மாடு, பள்ளம், வண்டி, எல்லாத்தையும் பேச்சு மாரி சொல்லிடுவோம்."

"எல்லாரும் தெரிஞ்சேவா வந்தீங்க?"

"எல்லாரும்தான்."

"ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதான? வேற டிரைவரப் போட்டிருப்பாங்களே!"

"போடுவாங்க. அவன் ஊருக்குள்ள வருவானா?"

காசிநாதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்த பெண்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அவருக்குக் கண்ணாக இருந்திருக்கிறார்கள். அவரோ ஜான் பாஷா கடை வாசலில் பல்புக்கு மேல் பல்பாக மாட்டிக்கொண்டு, இவர்கள் வாயாடிகள் என்று நினைத்திருக்கிறார். இரண்டு வருஷமாக இந்தப் பதினாலு உயிரையும் வைத்துத்தானே வீம்பு பிடித்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். மீதி வழியை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். எல்லோரையும் அவரவர் தெருமுனையில் இறக்கிவிட்டு வீடு வந்து சேர மணி இரண்டு.

மறுநாள் காலையில் வேனை வாசலிலேயே விட்டுவிட்டு, பஸ் ஏறி ஆம்பூர் போனார். கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சாமிநாதனின் மேஜையில் சாவியை வைத்தார். "ராத்திரியில கண்ணு தெரியல சார். வேற ஆளப் போட்டுக்குங்க." சாமிநாதன் நல்ல மனுஷன்தான். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சரியானதும் வேன் திரும்பக் கிடைக்குமா என்று காசிநாதன் கேட்டதற்கு மட்டும், "முதல்ல ஒடம்பப் பாருங்க" என்றார்.

வேலூரில் டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். ஆபரேஷன் பண்ணலாம், ஆனால் சர்க்கரை குறைய வேண்டும், குறைந்ததும் தேதி தருகிறேன் என்றார். இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று காசிநாதனுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது?

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, தனகோடி வீட்டுக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"புது டிரைவரு எப்பிடி?"

"நல்லாத்தான் ஓட்டறான். கண்ணு தெரியுது, எல்லாரும் தூங்கினு வரோம்." கணுக்காலை அமுக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள். "பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டுட்டுத் திரும்பிப் போய்டறான். பேப்பர்ல அவ்ளோதான் இருக்குதாம். அங்கேர்ந்து மூணு கிலோமீட்டரு. மெர்சிக்கு இன்னும் ஜாஸ்தி."

காசிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "நான் சொல்லாம இருந்திருக்கணுமா?"

"அத எப்பிடிணா நான் சொல்ல முடியும்? அன்னிக்கு நான் முழிச்சினு இல்லன்னா இன்னிக்குப் பதினாலு வீட்டுல சாவு. நீ பண்ணது சரிதான்." உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "ஆனா காலு வலிக்குதுணா. எட்டு மணி நேரம் மிஷின் பெடல மிதிச்ச காலு."

கண் சரியானாலும் வேன் தருவதாக யாரும் சொல்லவில்லை என்பதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"சக்கரையக் கொறச்சிக்கினு சீக்கிரம் ஆப்பரேசன் பண்ணிக்கணா" என்றாள். "அதுவரைக்கும் நாங்க நடக்கறோம்."